நாலாம் வார்டின் வேப்பிலை

இலை முதல்முறை பச்சையாக எரிந்த அன்று சண்முகவடிவு வாசலில் நின்றபடியே அழுதுவிட்டாள். தோளில் மருந்துக் குளிர்பெட்டி, நீலப்புடவை முந்தானையில் மூக்கு, அண்ணாந்த முகம். வார்டே வேடிக்கை பார்த்தது.

"சந்தோசப்பட வேண்டிய நேரத்துல ஏன் சிஸ்டர் அழுதிய?" என்று கேட்டார் மளிகைக்கடை பலவேசம் அண்ணாச்சி.

"சந்தோசந்தான் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அழுதாள்.

கடலுக்குப் பறிகொடுத்த ஏழெட்டு ஊர்களின் சனங்களைத் தூத்துக்குடிக்கு மேற்கே கொண்டுவந்து குடிவைத்த இடம் சங்குநகர். கடல் மறுபடி துரத்திக்கொண்டு வந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு வார்டையும் சுற்றி உயரமாக ஒரு மதில் எழுப்பியிருந்தார்கள். உள்ளே ஆறு மாடிக் குடியிருப்பு. உள்ளே போக, வெளியே வர ஒரே வாசல். அந்த வாசல் வளைவின் உச்சியில்தான் கண்ணாடியால் செய்த வேப்பங்கொத்து விளக்கு இருந்தது. நடுவே தண்டு, இரண்டு பக்கமும் இலைகள், விளிம்பில் அசல் இலை போலவே பல் பல்லாக.

வடிவு அந்த வார்டின் நர்ஸ். ஊசிக் காலம் போய் அப்போது ஒட்டுக் காலம் வந்திருந்தது. நகத்தளவு ஒட்டு ஒன்றைக் குழந்தையின் தோளில் ஒட்டி, கொஞ்ச நேரம் கழித்து உரித்துவிட்டால் போதும். தட்டம்மைத் தடுப்பு மருந்து உள்ளே போய்விடும். கூடவே ஒரு சாயமும் போகும். உடம்பு அம்மையை எதிர்க்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் அந்தச் சாயம் நிறம் எடுக்கும். அதுவும் மனிதக் கண்ணுக்குத் தெரியாது. வாசல் தூணில் பதித்திருந்த கண்ணாடிக் கண்ணுக்கு மட்டுமே தெரியும்.

இதைச் செய்ய வேண்டி வந்ததற்குக் காரணம் இருந்தது. தடுப்பு மருந்தின் சங்கடமே, அது ஒழுங்காக வேலை செய்தால் எதுவும் நடக்காது என்பதுதான். தட்டம்மையைப் பார்க்காமலே ஒரு தலைமுறை வளர்ந்து, அதன் பயமும் போய்விட்டது. பயம் போனதும் சோம்பல் வந்தது. சோம்பலைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மை, துறைமுகங்கள் வழியாக மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்தது. நடக்காமல் போன ஒன்றை மக்கள் கண்ணுக்கு எப்படிக் காட்டுவது என்று யோசித்தவர்களில் ஒருத்திதான் மதுரைக்காரியான பொறியாளர் யாஸ்மின்.

"நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பிள்ளைங்களுக்கு ரெண்டு தடவையும் ஒட்டு போட்டு முடிஞ்சா விளக்கு எரியும் சிஸ்டர். அதுக்குக் கீழே போனா அணைஞ்சிடும்" என்று அவள் முதல் நாள் விளக்கினாள். "எந்தப் பிள்ளைக்குப் போட்டாச்சு, எந்தப் பிள்ளைக்குப் போடலைன்னு அது யாருக்கும் சொல்லாது. முகத்தைப் பார்க்காது. கூட்டத்தை மட்டும்தான் பார்க்கும்."

"அப்படித்தான் இருக்கணும். இல்லன்னா இங்க அடிதடியாயிரும்."

"விளக்குக்கு ஒரு உருவம் வேணும். பார்த்த உடனே பாதுகாப்புன்னு புரியணும். கேடயம் மாதிரி ஒண்ணு வரைஞ்சு வச்சிருக்கோம்."

"கேடயமா? போலீஸ் ஸ்டேஷன்னு நினைச்சு ஒருத்தன் உள்ள வரமாட்டான். வேப்பிலை வைங்க."

யோசிக்காமல் சொன்னாள். சின்ன வயதில் அவளுக்கு அம்மை போட்டிருந்தபோது, வெள்ளை வேட்டி விரித்து அதன்மேல் வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்திருந்தார்கள். அரிக்கும் இடத்தில் அம்மா கொத்தால் தடவித் தருவாள். உள்ளே படுத்துக்கிடந்தபடி வாசல் நிலையில் தொங்கும் வேப்பிலையைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போவாள். அது அங்கே தொங்கும்வரை தனக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பிய பிள்ளை அவள். பாதுகாப்பு என்ற சொல்லுக்கு அவள் மனதில் வேறு உருவம் இல்லை.

யாஸ்மினுக்கும் அது பிடித்துப்போயிற்று. சோதனைக்கு எடுத்துக்கொண்ட முதல் வார்டு என்பதால் நாலாம் வார்டுக்கென்றே தனியாக வார்த்துக் கொண்டுவந்து மாட்டினார்கள். வடிவு வீடு வீடாக ஏறி இறங்கி, தாய்மார்களோடு சிரித்து, கெஞ்சி, கோபித்து, பங்குனியில் இலையை எரிய வைத்துவிட்டாள்.

சித்திரை பிறந்து கொஞ்ச நாளில் அது அணைந்தது.

முதலில் பழுது என்று நினைத்தாள். யாஸ்மின் தூரத்திலிருந்தே சோதித்துப் பார்த்துவிட்டு, "பழுது இல்லை சிஸ்டர். ஒட்டு போட வேண்டிய நாள் வந்தும் போடாத பிள்ளைங்க கூடியிருக்காங்க" என்றாள்.

வடிவு மறுபடி படியேறினாள். யாரும் மறுக்கவில்லை. அதுதான் அவளுக்குப் புரியாமல் இருந்தது. உட்காரச் சொன்னார்கள், மோர் கொடுத்தார்கள், "நாளைக்குக் கூட்டிட்டு வாரோம் சிஸ்டர்" என்றார்கள். வரவில்லை. இன்னொரு விசித்திரமும் இருந்தது. போன மாதம் நழுவியவர்கள் இந்த மாதம் அழைக்காமலே வந்து பிள்ளையின் தோளைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். போன மாதம் முதல் ஆளாக வந்தவர்கள் வீட்டில் இப்போது கதவு பாதிதான் திறந்தது.

இலை அணைந்தது அவளுக்கு அவமானமாக மட்டும் இருந்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பாள். மூன்றாவது மாடியில் ஜெனோவா இருந்தாள்.

ஜெனோவாவுக்கு ஏழு வயது. ரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் முடிகிற கட்டத்தில் இருந்தாள். வார்டில் வடிவைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அவள் அம்மா பிரகாசி, பிள்ளைக்கு ரத்தம் குறைச்சல் என்று மட்டும் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

"சிஸ்டர், எலைக்கு கரெண்டு போயிட்டா?" என்று சன்னலில் சாய்ந்தபடி கேட்டாள் ஜெனோவா. அவளுடைய சன்னலுக்கு நேரே கீழேதான் வாசல். வாசலை ஒட்டிப் பள்ளிக்கூடம்.

"வந்துரும் மக்களே."

பிரகாசி வடிவை அடுப்படிக்கு அழைத்துப் போனாள். "பெரியாஸ்பத்திரி டாக்டர் என்ன சொன்னாரு தெரியுமா? இவளுக்கு இப்ப ஒட்டு போடக் கூடாதாம். அதுல உயிருள்ள கிருமி இருக்கு, இவ உடம்பு தாங்காதுன்னாரு. இன்னும் பல மாசம் ஆவுமாம். அதுவரைக்கும் எலை பச்சையா எரிஞ்சா பள்ளிக்கூடம் அனுப்புங்க, அணைஞ்சிருந்தா அனுப்பாதீங்கன்னுட்டாரு. நான் அன்னைக்கு எவ்வளவு சந்தோசமா வந்தேன்! வந்து பாத்தா எலை அணைஞ்சு கிடக்கு."

"பள்ளிக்கூடம் திறக்கதுக்குள்ள எரிய வச்சிருவேன் பிரகாசி."

"ரெண்டு வருசமா சன்னலுக்கு உள்ளயே கிடக்கா சிஸ்டர். கீழ டீச்சர் பேர் வாசிச்சா, இவ இங்க எந்திரிச்சு நின்னு 'உள்ளேன் டீச்சர்'ங்கா. நான் சிரிக்கவா, அழவா?" அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "யார்கிட்டயும் மூச்சு விட்டுராதிய. ஆளாளுக்கு வந்து பாவம் பாவம்னு பாப்பாவ. அதை என்னால தாங்க முடியாது."

வடிவு கீழே இறங்கி நேராகப் பலவேசம் கடைக்குப் போனாள். மத்தியான நேரம், கடையில் கூட்டம் இல்லை. அவருடைய மகன்வழிப் பேரன் கொம்பையாவுக்கு இரண்டாவது ஒட்டு போட வேண்டிய நாள் தாண்டியிருந்தது.

"இன்னைக்கு ஒட்டிட்டுத்தான் போவேன் அண்ணாச்சி."

"நாளைக்குப் பாப்போம் சிஸ்டர். பயலுக்குச் சளி."

பயல் பின்னால் சீனி மூட்டைமேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தான்.

"சளியா? இவன் குதிக்கதப் பாத்தா சளிக்கே மூச்சு வாங்கும் போலிருக்கே. அண்ணாச்சி, எங்கிட்ட உண்மையச் சொல்லுங்க. ஒட்டு மேல நம்பிக்கை இல்லையா?"

"சேச்சே! என் கூடப்பொறந்தவ தட்டம்மையில காது போனவ. எனக்கா நம்பிக்கை இல்ல?"

"பின்ன?"

பலவேசம் தராசுத் தட்டைத் துடைத்தார். துடைத்த தட்டையே மறுபடி துடைத்தார். உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "சொல்லித் தொலைங்களேன். எத்தனை நாளைக்குத்தான் அந்தப் பிள்ளைய மாடி மாடியா ஏத்தி இறக்குவிய?"

"எலைதான் சிஸ்டர்" என்றார் அவர். "ஒட்டு நல்லதுதான். எலைதான் எங்களுக்கு ஆகல."

வடிவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"எம் மகளைப் பொண்ணு பாக்கக் கயத்தாத்துல இருந்து வந்தாவ. வாசல்ல எலை பச்சையா எரியுது. மாப்பிள்ளையோட அம்மா காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, செருப்பைக் கழட்டி, எலையப் பாத்துக் கும்பிட்டு, கன்னத்துல போட்டுக்கிட்டு, அப்படியே திரும்பிட்டாவ. போன்ல சொல்லுதாவ, 'உங்க ஊர்ல அம்மா இறங்கியிருக்கா, நல்ல காரியம் பேச இப்ப வரப்படாது, தலைக்குத் தண்ணி ஊத்துன பொறவு சொல்லி விடுங்க'ன்னு. 'அம்மை இல்ல மைனி, இது அம்மை வராததுக்கு வச்ச எலை'ங்கேன். 'வராததுக்கு எதுக்கு எலை கட்டுதிய?'ங்காவ. நியாயமான கேள்வி. எனக்குப் பதில் வரல."

"அவியளுக்கு மட்டுமா?" என்று உள்ளேயிருந்து மறுபடி குரல். "பால்காரன் கேனை வெளியவே வச்சிட்டுப் போறான். ஒறவுன்னு ஒரு சனம் எட்டிப் பாக்கல. எனக்கே அன்னைக்குத் தாளிக்கக் கை வரல சிஸ்டர். எடுத்த கடுகைத் திரும்ப டப்பாவுல போட்டுட்டேன்."

வடிவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். வேப்பிலையை அவள் எப்போதும் உள்ளேயிருந்துதான் பார்த்திருந்தாள். படுத்துக்கிடக்கும் பிள்ளைக்கு அது காவல். தெருவில் போகிறவனுக்கு அது வேறு செய்தி: உள்ளே அம்மை இருக்கிறது, வராதே. ஒரே இலைக்கு வாசலின் இரண்டு பக்கமும் இரண்டு அர்த்தம். அவள் தன் பக்கத்து அர்த்தத்தை வெளிப்பக்கம் பார்க்க மாட்டிவிட்டாள்.

"அதனால என்ன செஞ்சிய?"

பலவேசம் தலையைச் சொறிந்தார். "முறை வச்சோம்."

"என்ன முறை?"

"குழாத் தண்ணிக்கு முறை வைக்கோம்லா, அது மாதிரி. எலைய அணைக்க ஊரு முழுக்க ஒட்டை நிறுத்த வேண்டாமே. கொஞ்சம் வீடு இந்த மாசம் தள்ளிப்போடும். அடுத்த மாசம் அவிய போட்டுக்கிடுவாவ, வேற கொஞ்சம் வீடு தள்ளிப்போடும். ஒரே பிள்ளை மேல பாரம் விழப்படாதுல்லா? நியாயமாத்தான் செஞ்சோம் சிஸ்டர். இந்த மாசம் எங்க முறை."

வடிவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இத்தனை நேர்மையாகவும் இத்தனை ஒழுங்காகவும் ஓர் ஊர் தன் பிள்ளைகளை ஆபத்தில் நிறுத்தி அவள் கேள்விப்பட்டதில்லை.

"ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க ஆசையா வச்ச எலை. அது எரிஞ்ச அன்னைக்கு நீங்க அழுதத எல்லாரும் பாத்தோம். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வந்து சொல்ல?"

வடிவு மூட்டையிலிருந்து எழுந்தாள்.

"அண்ணாச்சி, துறைமுகக் குடியிருப்புல ரெண்டு பிள்ளைங்களுக்குத் தட்டம்மை வந்திருக்கு. நேத்துத்தான் சேதி வந்தது. அது எப்படிப்பட்டது தெரியுமா? அம்மை உள்ளவன் ஒரு ரூம்ல இருமிட்டுப் போயிட்டான்னு வைங்க. அவன் போயி ரெண்டு மணி நேரம் கழிச்சு அந்த ரூமுக்குள்ள வார பிள்ளைக்கும் ஒட்டிக்கிடும். நுரையீரல்ல இறங்கும், கண்ணுல இறங்கும், சிலதுக்கு மூளைக்கும் ஏறும். மத்த நோயெல்லாம் எதிர்க்க உடம்பு கத்து வச்சிருக்கும்லா, அதையும் அழிச்சிட்டுப் போயிரும். அது வந்து, 'இந்த மாசம் யாரு முறை'ன்னு கேட்டுக்கிட்டு நிக்காது."

பலவேசம் துடைத்த துணியைக் கீழே வைத்தார்.

"நம்ம மதில்ல முறை வச்சுக் கல்லு உருவுவியளா? இந்த மாசம் இந்தப் பக்கம் நாலு கல்லு, அடுத்த மாசம் அந்தப் பக்கம் நாலு கல்லுன்னு?"

கடலிடம் வீட்டை இழந்த மனுசன் அவர். முகம் மாறிவிட்டது.

"நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சுன்னு சொல்லுதோமே, மிச்சம் அஞ்சு யாருக்குன்னு நினைச்சிய? சோம்பேறிக்கு இல்ல. ஒட்டு போட முடியாத பிள்ளைங்களுக்கு. இன்னும் வயசு வராத கைக்குழந்தை, வேற வைத்தியத்துல இருக்கிற பிள்ளை. அதுகளுக்கு நம்ம பிள்ளைங்கதான் மதிலு. அப்படி ஒரு பிள்ளை இந்த வார்டுல இருக்கு அண்ணாச்சி. எலை எரிஞ்சாத்தான் வெளிய வரலாம், பள்ளிக்கூடம் போகலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நீங்க எலைய அணைச்சு வச்ச நாளெல்லாம் அது உள்ளயே கிடக்கு."

"யாரு பிள்ளை?"

"சொல்ல மாட்டேன்."

அவர் அவளைப் பார்த்தார். அப்புறம் திரும்பி, "ஏலே கொம்பையா! எறங்கி வா. சட்டையக் கழட்டு" என்றார்.

சாயங்காலத்துக்குள் வார்டு முழுக்கச் செய்தி போய்விட்டது. வடிவு மூன்றாம் மாடிக்குப் போனபோது பிரகாசி கதவிலேயே மறித்தாள்.

"ஒரு பிள்ளை இருக்குன்னு சொல்லிட்டியளே சிஸ்டர்! பேரைச் சொல்லலன்னா போதுமா? எந்தப் பிள்ளைன்னு தேட மாட்டாவளா? ஆறு மாடி, எத்தனை வீடு! ரெண்டு வருசமா வெளிய வராத பிள்ளை எதுன்னு கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆவும்?"

"வேற வழி தெரியல பிரகாசி."

"உங்களுக்குத் தெரியல. நான்லா இங்க குடியிருக்கேன்."

அவள் சொன்னதில் தப்பில்லை. கண்ணாடிக் கண் கூட யாருடைய முகத்தையும் பார்க்காது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த வடிவு, தானே ஒரு பிள்ளையின் கதவுவரை ஊரின் பார்வையைக் கூட்டி வந்துவிட்டாள். அடுத்த நாட்களில் படியேறும்போதெல்லாம், யாராவது அந்தப் பிள்ளை யார் என்று கேட்டுவிடுவார்களோ என்று பயந்துகொண்டே ஏறினாள். கேட்டால் என்ன பொய் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள்.

விஷயம் தெரிந்ததும் யாஸ்மின் மதுரையிலிருந்து கிளம்பி வந்தாள். வாசலில் நின்று இலையைப் பார்த்தாள். தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"எங்க தெருவுல வேப்பிலை சொருகியிருக்கிற வீட்டைத் தாண்டும்போது எங்கம்மா எங்களைச் சத்தம் போடாம நடக்கச் சொல்லுவாங்க. மீன் பொரிச்ச கையோட அந்தப் பக்கம் போகவிட மாட்டாங்க. எனக்கே தோணலை பாருங்க சிஸ்டர். படம் அழகா இருக்குன்னு ஒத்துக்கிட்டேன்."

"இப்ப மாத்தலாமா?"

"புது உருவம் வரைஞ்சு, அனுமதி வாங்கி, வார்த்து வரணும். தீபாவளி ஆயிடும்."

"பள்ளிக்கூடம் ஆனியிலயே திறக்குதே!"

சுற்றி நின்றவர்களில் பலவேசத்தின் மனைவி முன்னால் வந்தாள். "ஏங்க, இது கொத்தா இருக்கிறதாலதான வேப்பிலை? தனித்தனியாக் கழட்டி வரிசையாக் கட்டுனா?"

யாரோ "மாவிலைத் தோரணம்!" என்றார்கள்.

யாஸ்மின் ஏணியில் ஏறி ஓர் இலையைத் தொட்டுப் பார்த்தாள். "ஒவ்வொரு இலையும் தனியா எரியக்கூடியதுதான். தண்டுல திருகித்தான் வச்சிருக்கோம். ஆனா விளிம்புல பல்லு இருக்கே. மாவிலைக்குப் பல்லு கிடையாதே."

"அரம் எதுக்கு இருக்கு?" என்றது ஒரு குரல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலாம் வார்டில் நடந்ததை யாராவது வெளியிலிருந்து பார்த்திருந்தால் திருவிழா வேலை என்று நினைத்திருப்பார்கள். வாசலடியில் பாய் விரித்து, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கண்ணாடி இலைகளின் பல்லை அரத்தால் தேய்த்தார்கள். "ஏட்டி, ரொம்பத் தேய்க்காத, வெத்தலையா ஆயிரப் போவுது" என்று ஒருத்தி கத்த, "ஆனா என்ன, பாக்கு வச்சிக் குடுத்துருவோம்" என்றாள் இன்னொருத்தி. பழைய ஊரில் வலை முடைந்த கைகள் கயிற்றை இழுத்து, ஒவ்வோர் இலைக்கும் காற்றில் அவிழாத முடிச்சுப் போட்டன. யாஸ்மின் கயிற்றோடு கயிறாக மின்கம்பியை ஓட்டினாள். மொட்டைத் தண்டைக் கழற்றிக் கீழே வைத்தார்கள்.

அதே பாயில் இன்னொரு பக்கம் வடிவு ஒட்டுப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். முறையில் இருந்த வீடுகள், முறைக்குக் காத்திருந்த வீடுகள், எல்லாரும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்தார்கள். யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பிள்ளை யார் என்ற கேள்வியையும் யாரும் கேட்கவில்லை.

தோரணம் வாசலின் குறுக்கே இருட்டாகத் தொங்கியது. சாயம் நிறமெடுக்க நாள் பிடிக்கும் என்று வடிவு எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். அதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. மணி அடித்தது, பிள்ளைகள் போனார்கள். மூன்றாம் மாடிச் சன்னலில் ஒரு முகம் இருந்தது. வடிவு கீழேயிருந்து அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள்.

துறைமுகத்தில் அம்மை பரவியது. அங்கே ஒரு குழந்தையைச் செயற்கை சுவாசத்தில் வைத்திருப்பதாகச் செய்தி வந்தது. நாலாம் வார்டுக்காரர்கள் தினமும் அந்த வாசல் வழியாகத்தான் துறைமுக வேலைக்குப் போய் வந்தார்கள். வடிவு காலையும் மாலையும் இருமல் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி வார்டைச் சுற்றினாள். காய்ச்சல் என்று வந்த பிள்ளையின் வாயைத் திறந்து உட்கன்னத்தில் தட்டம்மையின் முதல் அடையாளமான வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. அடுத்த பிள்ளைக்கும் இல்லை. தடுப்பு மருந்து தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது, அதாவது ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே பார்த்துவிட்டாள். தூரத்தில், மதிலின் இடைவெளியில், பச்சையாக ஒரு வரிசை ஆடிக்கொண்டிருந்தது.

ஓடாத குறையாக நடந்தாள். வாசலுக்கு வந்தவள் திகைத்து நின்றாள். பள்ளிக்கூட மணி அடித்து நேரமாகியிருந்தும் ஒரு பிள்ளைகூட உள்ளே போகவில்லை. வார்டின் பிள்ளைகள் அத்தனை பேரும் சீருடையோடும் பையோடும் தோரணத்துக்கு அடியில் கூடி நின்றார்கள். பெற்றவர்கள் பின்னால் நின்றார்கள். தலைமை ஆசிரியைகூட வெளியே வந்து நின்றுகொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி இது?"

பலவேசம் சலவைச் சட்டை போட்டிருந்தார். "இன்னைக்கு எல்லாரும் சேந்துதான் உள்ள போறதுன்னு முடிவு."

"யாரு முடிவு பண்ணுனா?"

"முடிவுதான்."

மாடிப்படியில் பிரகாசி ஜெனோவாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். கூட்டத்தைப் பார்த்ததும் அவள் கால் நின்றுவிட்டது. திரும்பிவிடுவாள் என்று வடிவுக்குத் தோன்றியது. ஆனால் கூட்டத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருத்தி தன் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி சட்டைப் பொத்தானைப் பூட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். கொம்பையா பக்கத்தில் இருந்தவனின் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி உதை வாங்கிக்கொண்டிருந்தான். பிள்ளைகளின் வரிசை தானாகவே கொஞ்சம் விலகி, இன்னும் ஒரு பிள்ளை நிற்க இடம் விட்டது. பிரகாசி கையை விட்டாள்.

வரிசை நகர ஆரம்பித்தது. எல்லாத் தலைக்குமேலும் ஒரே பச்சை வெளிச்சம். வடிவு எட்டிப் பார்த்தாள். எந்தப் பையும் எந்தச் சட்டையும் மற்றொன்றிலிருந்து வேறாகத் தெரியவில்லை. தெரிந்தவளான அவளாலேயே ஜெனோவாவைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பிரகாசியின் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தை மூடவில்லை, துடைக்கவுமில்லை. அப்படியே நிமிர்ந்து நின்றாள்.

அந்த நேரம் பார்த்து ஓர் ஆட்டோ வந்து நின்றது. பட்டுச்சேலையும் ஜரிகை வேட்டியுமாக ஒரு கணவன் மனைவி தலையை நீட்டினார்கள்.

"அண்ணாச்சி, கலியாண வீடு இதுதான? தோரணத்தப் பாத்துட்டு வண்டிய நிறுத்தச் சொன்னேன்" என்றார் அந்த மனிதர்.

"கலியாணம் ரெண்டாம் வார்டுல. இங்க வேற விசேசம்" என்றார் பலவேசம்.

"என்ன விசேசம்?"

"இதுல ஒரு பிள்ளை இன்னைக்குத்தான் பள்ளிக்கூடம் போவுது."

"அடடே, நல்லாருக்கட்டும்! எந்தப் பிள்ளை?"

பலவேசம் உள்ளே போய்க்கொண்டிருந்த வரிசையைப் பார்த்தார். அவர் நெஞ்சு கொஞ்சம் விரிந்தது.

"தெரியாது" என்றார். "நாங்க கேட்டுக்கிடல."